என் உறையில் இல்லாத பெயர்

மகன் சுதன்,

அன்றைக்கு உன்னுடைய பியர்பொன்ட்ஸ் வீட்டு பேஸ்மென்டில் இருந்தவர்கள் இவர்கள். நீ, படிக்கட்டின் கடைசிப் படியில், எங்கள் கழகத்தின் புது ஜேர்சியைப் போட்டுக்கொண்டு, கழுத்துக்குப் பின்னால் கடைச் சீட்டு தொங்குவது தெரியாமல். உன் மனைவி வதனா, கேக் பெட்டியை மடியில் வைத்து, ஒருவரும் மூடியைத் திறக்காதபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. உன் மகள் மீரா, தரையில், கைபேசியோடு. என் தம்பி பாலன், செயின்ட்-மிஷேலில் இருந்து பஸ்ஸும் மெத்ரோவும் திரும்பவும் பஸ்ஸும் பிடித்து வந்து, வந்த நேரம் தொட்டு அந்தப் பஸ்ஸைப் பற்றியே கதைத்துக்கொண்டு. பக்கத்து வீட்டுச் சிவபாதம் மாஸ்டர், மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு. அது அவருடைய நெற்றியில் இருந்தது. உன் மகன் ஆரூரன், சாயும் கதிரையில் சாயாமல் நுனியில் இருந்து, வலது முழங்காலை ஆட்டிக்கொண்டு. ஏழாவது ஆள் நான், உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில், எப்போதும் எனக்குத் தரப்படும் பிளாஸ்டிக் கதிரையில். இறைச்சி வைத்துச் சுற்றிய நாற்பது ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தேன். மாஸ்டர் ஆறு சாப்பிட்டார். ஐந்து என்று சொன்னார்.

இவ்வளவையும் நான் எழுதுவது ஏன் என்று உனக்குத் தெரியும். மற்ற ஐந்து பேருக்கும் முன்னால் நீ என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாய். "அம்மாவுக்கு இப்ப கொஞ்சம் மறதி." ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். என்னிடம் சேர்த்துவைத்த நகை இல்லை, காணி இல்லை, பிரெஞ்சு பாதிதான் வரும். என்னிடம் இருந்த ஒரே சொத்து என் ஞாபகம். அதையும் நீ எல்லோருக்கும் முன்னால் இல்லை என்றாய். ஆகவேதான் இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பாமல், நம்முடைய ஆட்கள் வாசிக்கும் மாதப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். எழுத்துப் பிழைகளைப் பாலன் திருத்தித் தருவான். கருத்தில் கைவைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

பத்திரிகை வாசிக்கிறவர்களுக்கு நம் வீட்டு வழக்கம் தெரியாது, அதைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பார்ப்பது காலால் உருட்டும் பந்து அல்ல. தோளில் பலகை கட்டி, தலையில் ஹெல்மெட் போட்டு, ஒருவரை ஒருவர் முட்டித் தள்ளும் பந்து. வருடத்தில் ஒருநாள், ஏப்ரல் கடைசியில், நாட்டில் உள்ள கழகங்கள் எல்லாம் பல்கலைக்கழகத்தில் விளையாடும் பிள்ளைகளை முறை வைத்து ஒவ்வொருவராகத் தெரிந்தெடுக்கும். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். எட்டுச் சுற்று நடக்கும். அதற்கு முதல் நம் வீட்டில் ஒவ்வொருவரும், எங்கள் கழகம் எந்தச் சுற்றில் யாரை எடுக்கும் என்று எட்டுப் பெயரை எழுதி, உறையில் இட்டு ஒட்டி, சாமி அறையில் பிள்ளையார் படத்துக்குக் கீழே வைத்துவிட வேண்டும். எல்லாம் முடிந்தபின் மாஸ்டர் உடைத்து வாசிப்பார். அவருக்கு விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதால் அவர்தான் நடுவர். யாருடைய பெயர்கள் கூடுதலாகச் சரிவருகின்றனவோ அவருக்கு அந்த வருடம் முழுக்கச் சாயும் கதிரை. இந்தச் சட்டத்தை எழுதியவன் நீ. முதலாவது விதியும் நீ எழுதியதுதான், இன்னும் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறது: எங்கள் ஆசைக்கு எழுதக் கூடாது, கழகத்தின் தேவைக்கு எழுத வேண்டும்.

இந்த வருடம் ஆரூரனுடைய முறை. அவனும் அந்தப் பட்டியலில் ஒரு பெயர். அதனால் நீ வழக்கத்தை மாற்றினாய். டிராஃப்ட் தொடங்க முதலே உறைகளைத் திறப்போம், எல்லோர் வாயிலும் பிள்ளையின் பெயர் முதலாவதாக வரட்டும், நல்ல சகுனம் என்றாய். மாஸ்டர் திறந்தார். உன்னுடையதில் முதலாவது ஆரூரன். வதனாவினதில் ஆரூரன். மீராவினதில் ஆரூரன், பக்கத்தில் ஒரு இருதயப் படம். பாலன் எட்டு இடத்திலும் ஆரூரன் என்றே எழுதியிருந்தான். "எந்தச் சுற்றில எடுத்தாலும் சரிவரும்தானே" என்றான். ஆரூரன் வெட்கத்தில் தன் பெயரை எட்டாவதாக எழுதியிருந்தான். பிறகு என்னுடையது. மாஸ்டர் எட்டுப் பெயரையும் வாசித்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார். உறைக்குள் விரலை விட்டுத் துழாவினார்.

"அக்கா, வேற துண்டில எழுதினியளோ?"

"இல்லை மாஸ்டர். எட்டும் அதிலதான் கிடக்கு."

வதனா கேக் பெட்டியை மேசையில் வைத்தாள். அவள் வைத்த சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. அப்போதுதான் நீ எழும்பி, சிரித்துக்கொண்டு, அந்த வார்த்தையைச் சொன்னாய். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னாய், அதுவும் எனக்குத் தெரியும். பேரனை வேண்டுமென்றே விட்ட கிழவியைவிட மறந்துபோன கிழவி பரவாயில்லை என்று நினைத்தாய்.

இனி என் பிழையைச் சொல்கிறேன். நான் அப்போது வாய் திறக்கவில்லை. "எனக்கு மறதி இல்லை, தெரிந்துதான் விட்டனான்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பீர்கள். அந்த ஏனுக்குப் பயந்து, நீ விரித்த குடைக்குள் ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகு மழை நிற்கவே இல்லை. அடுத்த நாள் வதனா அடுப்பு அணைத்திருக்கிறதா என்று எனக்குப் பின்னால் வந்து பார்த்தாள். அதற்கு அடுத்த நாள் மருந்துப் பெட்டியில் திங்கள், செவ்வாய் என்று எழுதி ஒட்டினாள். மூன்றாம் நாள் நீ ஞாபக சக்தி பார்க்கும் டொக்டரிடம் நாள் எடுத்திருப்பதாகச் சொன்னாய். நான் என் பையை எடுத்துக்கொண்டு பாலனிடம் வந்துவிட்டேன். அந்தப் பஸ்ஸைப் பற்றி அவன் சொன்னதெல்லாம் உண்மைதான்.

நான் எப்படி ஆட்களைத் தெரிந்தெடுக்கிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. நீ கணினியில் ஓட்ட வேகம், உயரம், நிறை எல்லாம் பார்ப்பாய். ஆரூரன் விளையாடிய ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆட்டம் முடிந்தபின் நான் உன்னுடைய காரின் டிக்கியைத் திறந்து, இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் ரோல்ஸ் கொடுத்தேன் அல்லவா? அதைத் தானம் என்று நினைத்தாய். அது என் பரீட்சை. நான் முதலாவதாக எழுதிய மத்தியூவை உனக்கு ஞாபகமா? கியூபெக் சிட்டிப் பக்கத்துப் பிள்ளை, கதவளவு அகலம். ரோல்ஸை எடுக்க முதல் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான். எடுத்ததன் பிறகும் பார்த்தான். நம் கழகத்தில் பந்தை முன்னுக்கு எறிகிறவன் போன வருடம் முழுக்கத் தன் இடது பக்கத்தால் வந்தவர்களிடம் அடிவாங்கிப் புல்லிலேயே படுத்திருந்தான். முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கத் தெரிந்த ஒருவன்தான் அந்த இடத்துக்கு வேண்டும். இரண்டாவதாக எழுதிய ஜோனாஸ், செயின்ட்-மிஷேலில் வளர்ந்த ஹெயிட்டிப் பிள்ளை. நான் தவறவிட்ட ரோல்ஸை நிலத்துக்கு ஒரு சாண் மேலே பிடித்தான், மற்றக் கையில் ஜூஸ் சிந்தவில்லை. பந்து பிடிக்க அவனைவிட வேறு யார்? ஒன்டாரியோக்காரன் ஒருவன் உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்து, இறைச்சியைத் தின்றுவிட்டுக் கோதைப் புல்லில் எறிந்தான். கணினி அவனை நாட்டிலேயே மூன்றாவது என்றது. என் பட்டியலில் அவனுக்கு இடமில்லை. இனியும் இராது.

சரி, ஆரூரனுக்கு வருகிறேன். நீ சின்னவனாக இருந்தபோது, தமிழ்ப் பள்ளிக்கூடப் பாட்டுப் போட்டிக்கு உன்னை நான் அனுப்பியது நினைவிருக்கிறதா? உன்னைப்போல் பாட ஒருவரும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். உனக்குச் சுருதி என்றால் என்னவென்று தெரியாது, எனக்கு அது தெரியும். இருந்தும் சொன்னேன், தாய் என்பதால் சொன்னேன். மேடையில் நீ பாட்டின் இரண்டாவது வரியோடு நின்றுவிட்டாய். முன் வரிசையில் மூன்றாவது கதிரையில் இருந்த பத்மாவதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளோடு இன்றுவரை நான் கதைப்பதில்லை. ஆனால் பிழை அவளுடையது அல்ல. திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ என்னைப் பார்த்துக் கேட்டாய், "தெரிஞ்சும் ஏனம்மா சொன்னீங்கள்?" அன்றைக்கு முடிவெடுத்தேன், இனி என் வயிற்றில் பிறந்ததுக்கும் அதன் வயிற்றில் பிறந்ததுக்கும் பொய்ப் புகழ் சொல்வதில்லை என்று.

இதைத்தான் காரணமாகச் சொல்லலாம் என்று இரண்டு வாரம் நினைத்திருந்தேன். நல்ல காரணம், எல்லோரும் தலையாட்டியிருப்பீர்கள். ஆனால் அது பாதிதான். ஆரூரன் விடயத்தில் பொய் சொல்லவே தேவையில்லை, அவன் கெட்டிக்காரன். மீதிப் பாதி ஐம்பத்தொன்பதாம் நம்பர்.

கழகத்தில் ஒரு வேலை இருக்கிறது. குனிந்து நின்று, பந்தைக் கால்களுக்கு இடையால் பின்னுக்கு, நாற்பத்தைந்து அடி தூரம் நேராக எறிய வேண்டும், அங்கே நிற்பவன் அதைப் பிடித்து உதைப்பான். சரியாக எறிந்தால் ஒருவரும் அவனைப் பார்க்கமாட்டார்கள். பிழையாக எறிந்தால் ஊரே திட்டும். நம் கழகத்தில் பத்து வருடமாக அதைச் செய்தவன் ஐம்பத்தொன்பது. ஒருநாளும் பிழைத்ததில்லை. அவனை எனக்கு அதற்கும் முதலே தெரியும். நான் பல்கலைக்கழகக் கன்டீனில் தட்டுக் கழுவிய காலத்தில், தூரத்துக் கஸ்பே பக்கமிருந்து வந்து, வீட்டை நினைத்து ஒழுங்காகச் சாப்பிடாமல் திரிந்த பொடியன் அவன். ஒருநாள் என் சாப்பாட்டுப் பெட்டியில் இருந்த பிட்டைப் பார்த்து, இது என்ன மணல் என்று கேட்டான். ஒரு பிடி கொடுத்தேன். அதன்பிறகு செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை அவனுக்கும் சேர்த்துக் கொண்டுபோவேன். கன்டீன் பூட்டியபின் ஈரத் துணியைப் பந்துபோல் உருட்டி, குனிந்து நின்று கால்களுக்கு இடையால் எறிவான். பெரிய அலுமினியச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நிற்பேன். நாலு வருடம் அவனுடைய பந்தை முதலில் பிடித்தது ஒரு சட்டி, அந்தச் சட்டியைப் பிடித்தது நான். உன் அப்பாவின் செத்தவீட்டுக்கு அவன் வந்தான், சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஒரு மூலையில் கடைசிவரை நின்றான். பாலன் முக்கால் மணித்தியாலம் பிந்தி வந்தான். (பாலன், இதைத் திருத்தாதே.)

ஆரூரனுக்குப் பன்னிரண்டு வயதில் அதே பேஸ்மென்டில், அதேபோல் துவாயை உருட்டிக் கொடுத்து, "குனிஞ்சு நில், பின்னால பார்க்காத, நான் நிக்கிறன்" என்று சொல்லிக் கொடுத்ததும் நான்தான். அவனும் இன்றைக்கு அப்படிப் பின்னுக்கு எறிகிறவனாக இருப்பதற்குக் காரணம் நீ அனுப்பிய பயிற்சி முகாம்கள் என்று மாஸ்டரிடம் சொன்னாய். போகட்டும்.

இப்போது உனக்கு விளங்கியிருக்கும். ஒரு கழகத்துக்கு அப்படிப் பின்னுக்கு எறிகிறவன் ஒருவன் போதும். இரண்டு பேரை வைத்துச் சோறு போடமாட்டார்கள். ஆரூரனுடைய பெயரை நான் எழுதினால், அதே பேனையால் ஐம்பத்தொன்பதை வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று பொருள். பத்து வருடம் பிழைக்காத ஒருவனை எந்தக் காரணத்துக்காக? என் பேரன் என்ற காரணத்துக்காக. நீ எழுதி ஒட்டிய முதலாவது விதி அதைத்தானே கூடாது என்கிறது. மூன்று நாள் பேனையோடு இருந்தேன். ஐந்தாவது இடத்தில் ஆ என்று எழுதி வெட்டினேன். அந்தத் தாளை எடுத்துப் பார், வெட்டின இடம் இருக்கும். மாஸ்டர் கண்ணாடி போட்டிருந்தால் கண்டிருப்பார்.

பிறகு டிராஃப்ட் நடந்தது. நம் கழகம் முதலாவதாக மத்தியூவை எடுத்தது. இரண்டாவதாக ஜோனாஸை. நீங்கள் ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. எட்டில் ஐந்து எனக்குச் சரிவந்தது, மீரா மட்டும் எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் சுற்றில், நாங்கள் எல்லோரும் மூச்சை விட மறந்திருந்த நேரத்தில், ஆரூரனுடைய பெயரைத் திரையில் போட்டார்கள். எங்கள் கழகம் அல்ல. புல்வெளி மாகாணத்துக் கழகம். இருபது வருடமாக நான் திட்டும் கழகம். விமானத்தில் அரை நாள் போகவேண்டிய ஊர். நீ கத்தினாய், அழுதாய், பாலன் மாஸ்டரைக் கட்டிப்பிடித்தான். வதனா கேக்கைத் திறந்தாள். எங்கள் கழகத்தின் சின்னம் போட்ட கேக். ஒருவருக்கும் வெட்ட மனம் வரவில்லை. கடைசியில் நான்தான் வெட்டினேன். அன்றிரவே வதனா உன்னிடம் சொன்னாளாம், மாமி எழுதியிருந்தால் பிள்ளை இங்கேயே இருந்திருக்கும் என்று. என் உறையைப் பார்த்துத்தான் கழகம் முடிவெடுக்கிறது என்றால் எனக்கு ஒரு மேசையும் கதிரையும் தரச் சொல். அந்தக் கதிரையாவது சாயட்டும்.

டொக்டரிடம் போனேன். பாலன் கூட்டிக்கொண்டு போனான், இந்தமுறை நேரத்துக்கு வந்தான். ஐந்து சொல் சொல்லி, பிறகு கேட்பேன், நினைவில் வைத்திருங்கள் என்றார். பிறகு கேட்டபோது முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் சொல்லிவிட்டு, அவருக்கு முதல் வந்து போன தாதியின் பெயரையும், அறைக்கு வெளியே இருந்தவர்கள் எந்த ஒழுங்கில் இருந்தார்கள் என்பதையும் சொன்னேன். மொழிபெயர்க்க வந்த பிள்ளை, "போதும் அன்ரி, அவர் கேட்கேல்லை" என்றாள். டொக்டர் கடிதம் தந்தார். இதனோடு வைத்திருக்கிறேன். குளிர்பெட்டியில் உன் விதிக்குப் பக்கத்தில் ஒட்டு.

ஆரூரன் பயணம் போவதற்கு முதல் நாள் இங்கே வந்தான். உனக்குச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். பாலனுடைய சின்னக் குசினியில் அவன் நின்றால் குளிர்பெட்டியைத் திறக்க முடியாது. நான் ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"அப்பம்மா, நீங்கள் மறக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும்."

"பின்ன ஏன் அண்டைக்கு வாய் திறக்கேல்லை?"

"நீங்களும் திறக்கேல்லைதானே." நான் சுற்றிய ரோல்ஸைத் தட்டில் அடுக்கினான். "அந்த ஐம்பத்தொன்பது என்னைவிட நல்லா எறிவாரோ?"

அவனுடைய முகத்தில் உன்னுடைய முகத்தைக் கண்டேன், அந்தப் பஸ்ஸில் இருந்த முகம். பொய் நாக்கு நுனிவரை வந்தது.

"ஓம்," என்றேன். "இப்போதைக்கு."

அவன் சிரித்தான். குனிந்து, குசினித் துணியை உருட்டி, கால்களுக்கு இடையால் எறிந்தான். சட்டி எடுக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. நெஞ்சில் வந்து விழுந்தது. நேராக. "அங்க யாரப்பம்மா எனக்குப் பின்னால நிற்பினம்?" என்று கேட்டான். முப்பது ரோல்ஸைக் கட்டிக் கொடுத்து, முதல் நாளே யார் யார் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று பார்த்துவை, அவர்களோடு சேர் என்று சொன்னேன். தகப்பனான உனக்கும் நான் சொல்வது அதுதான். பிள்ளைக்கு முன்னால் போய்ப் பெயர் சொல்லிக் கத்தாதே. பின்னால் நின்று பிடி.

அடுத்த மாதம் நான் வீட்டுக்கு வருகிறேன். நீ மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை, "மறதி" என்ற சொல்லை மாஸ்டருக்கு முன்னால் திருப்பி எடுத்தால் போதும். வதனாவையும் மன்னித்துவிட்டேன், மருந்துப் பெட்டியில் ஒட்டியதை அவளே கழற்றட்டும். மாஸ்டருக்கு ஆறாவது ரோல்ஸ் மன்னிக்கப்பட்டது. பத்மாவதியைப் பற்றி யோசிக்கிறேன். ஐந்து பெயர் சரிவந்தது எனக்கு மட்டும்தான், ஆகவே சாயும் கதிரை என்னுடையது, அதில் கிடக்கும் உடுப்புக் கூடையை எடுத்து வை.

ஆனால் மன்னிக்க முடியாத ஒருவன் இருக்கிறான். ஆரூரன் விமானம் ஏறி ஒன்பதாவது நாள், நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது, டிவியில் வந்து நின்று, முழங்கால் சரியில்லை, பிள்ளைகளோடு இருக்கவேண்டும், மேப்பிள் மரத்தோப்பு வாங்கியிருக்கிறேன், இனி விளையாடமாட்டேன் என்றான். மூன்று கிழமைக்கு முதல் சொல்லியிருந்தால் கழகம் வேறு எறிகிறவனைத் தேடியிருக்கும், தேடியவர்களுக்கு மெத்ரோ தூரத்தில் ஒருவன் கிடைத்திருப்பான், என் உறையிலும் அந்த ஆ வெட்டப்படாமல் இருந்திருக்கும். இப்போது எங்கிருந்தோ ஒருவனைக் கூட்டி வந்திருக்கிறார்கள். முதலாவது ஆட்டத்திலேயே அவன் எறிந்த பந்து உதைக்கிறவனுடைய தலைக்கு மேலால் போனது. அந்த மேப்பிள் தோப்புக்காரனுக்காக நான் என் பேரனை வெட்டினேன். அவன் எனக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு இரண்டு தரம் தொலைபேசி எடுத்தான், நான் எடுக்கவில்லை. ஒரு பெட்டி மேப்பிள் பாணி அனுப்பியிருக்கிறான். பாலனும் நானும் அதைத் தோசைக்கு ஊற்றிச் சாப்பிடுகிறோம், நன்றாகத்தான் இருக்கிறது, அது வேறு கதை. சாகும்வரை மன்னிக்கமாட்டேன். ஐம்பத்தொன்பதாம் நம்பர் என்று இனிச் சொல்லவும் மாட்டேன், அந்த நம்பரை இப்போது ஆரூரன் அங்கே வாங்கிவிட்டான். பெயரைச் சொல்கிறேன், எல்லோரும் வாசிக்கட்டும்: எதியென் பூஷார்.